அம்பாசடருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

கேள்வி: அப்பா 1982-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். போன மாதம் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் சாவியை அணைத்தது போலச் சட்டென்று நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. போன வாரம் நாமக்கல் தாண்டி, நான்கு வழிச்சாலையில், சமதரையில் அதேபோல நின்றது. லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருக்க, அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நடுங்கிப்போனேன். எங்கள் மெக்கானிக், "பாயின்ட் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாம், அப்புறம் பானட்டைத் திறக்கவே வேண்டாம்" என்கிறார். அப்பாவின் நண்பரோ, "அது போனால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான், பாயின்ட்டே போதும்" என்கிறார். மே மாதம் கொடைக்கானல் போவதாக இருக்கிறோம். யார் பேச்சைக் கேட்பது? வண்டியில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: போடலாம். ஆனால் இப்போதே வேண்டாம். வண்டி ஏன் நின்றது என்று தெரியாமல் எதை மாட்டினாலும், கொடைக்கானல் மலையில் அதே மாதிரி நிற்க வாய்ப்பிருக்கிறது.

"சாவியை அணைத்தது போல" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டிய தகவல். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி அப்படி நிற்காது. முதலில் இழுவை குறையும், இரண்டு மூன்று முறை குலுக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறும், அப்புறம்தான் ஓயும். வெயிலில் மலை ஏறும்போது பெட்ரோல் பம்ப்பிலும் பைப்பிலும் ஆவி அடைத்துக்கொண்டு நிற்பதும் இந்த வகைதான். ஏற்காட்டில் மட்டும் நின்றிருந்தால் அதையும் சந்தேகித்திருப்பேன். நாமக்கல்லில், காற்று நன்றாக வாங்கிக்கொண்டு சமதரையில் ஓடுகிற வண்டி சட்டென்று நின்றது என்றால், கரண்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் நடப்பது இவ்வளவுதான். பேட்டரியின் 12 வோல்ட், காயில் என்ற கம்பிச்சுருளுக்குள் போய், பாயின்ட் என்ற சின்ன சுவிட்ச் வழியாக பாடிக்கு இறங்குகிறது. பாயின்ட் திறக்கிற கணத்தில் அந்த ஓட்டம் அறுபட்டு, காயிலுக்குள் இருக்கும் காந்தப்புலம் சரிகிறது. அதில் பிறக்கும் பல்லாயிரம் வோல்ட் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பங்கிடும் டப்பாவுக்குள் சுற்றும் ரோட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் போகிறது. பாயின்ட் திறக்கும்போது அதன் முகத்திலேயே பொறி பறந்து தீய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். நான்கு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது இந்தத் திறப்பும் மூடலும் வினாடிக்கு நூறு முறை நடக்கிறது.

சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்று இடங்களை. ஒன்று, கண்டென்சர். இன்று கடையில் கிடைப்பவற்றில் நல்லதும் உண்டு, பத்து நாளில் போவதும் உண்டு. சூட்டில் வேலைநிறுத்தம் செய்வது அதற்கு வழக்கம். இரண்டு, காயில். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியின் காப்பு பழசாகி, சூட்டில் விட்டுவிடும். மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் கழற்றினால் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தகடு தெரியும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப வேக்யூம் டயஃப்ரம் அந்தத் தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். தகட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கு, பின்னிய செம்பில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு எர்த் வயர் போகும். நாற்பது வருடம் மடங்கி மடங்கி அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். ஒரு குச்சியால் மெதுவாக அசைத்துப் பார்த்தால்தான் இரண்டே இழையில் தொங்குவது தெரியும். தகடு ஒரு பக்கம் திரும்பினால் தொடும், இன்னொரு பக்கம் திரும்பினால் விடும். வண்டி சட்டென்று நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் இல்லை.

இப்போது உங்கள் மெக்கானிக் சொல்லும் எலக்ட்ரானிக்குக்கு வருவோம். அம்பாசடருக்குப் பொருந்துகிற கிட் பெரும்பாலும் ஒரே வகைதான். பாயின்ட்டும் கண்டென்சரும் இருந்த இடத்தில் ஒரு சின்ன மாட்யூல். ரோட்டருக்கு அடியில், ஷாஃப்டில், காந்தங்கள் பதித்த ஒரு வளையம். காந்தம் கடக்கும்போதெல்லாம் மாட்யூல் காயிலின் ஓட்டத்தை வெட்டும். தேய்கிற பாகம் இல்லை, கேப் (பாயின்ட் திறக்கும் இடைவெளி) வைக்கிற வேலை இல்லை. நல்ல சமாசாரம்தான், நானே பல வண்டிகளுக்குப் போட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த மூன்று சந்தேகங்களை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். கண்டென்சர் கெட்டிருந்தால், இந்தக் கிட்டுக்குக் கண்டென்சரே தேவையில்லை என்பதால் பிரச்சினை தீரும். காயில் கெட்டிருந்தால் தீராது. அதே காயில்தான் தொடர்ந்து வேலை செய்யப்போகிறது. எர்த் வயர் அறுந்திருந்தாலும் தீராது, ஏனென்றால் இந்த வகை மாட்யூல்களில் பல எர்த் எடுப்பது அதே தகட்டின் வழியாகத்தான். செலவு செய்துவிட்டு, மறுபடி ரோட்டில் நின்று, "எலக்ட்ரானிக்கே மோசம்" என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்திருப்பது இதுதான்.

அப்பாவின் நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாயின்ட் சொல்லிவிட்டுத்தான் போகும். ஷாஃப்டின் கேமில் உரசும் அதன் ஃபைபர் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், மிஸ்ஸிங் அடிக்கும். அப்போதும் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு இழுத்து, கேப் வைத்து, வீடு வந்து சேரலாம். மாட்யூல் அப்படியில்லை. நேற்று வரை பிரமாதமாக ஓடும், இன்று முழுசாகப் போகும், ரோட்டோரத்தில் அதைப் பிரித்துப் பார்க்க எதுவுமில்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால், கழற்றிய பாயின்ட் செட் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை. கண்டென்சரையும் பாயின்ட்டையும் புதிதாக மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான். ஃபைபர் கேமின் மேட்டில் நிற்கும்போது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். தீப்பெட்டி அட்டையை நுழைத்துப் பார்த்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் வயரைப் புதிதாகச் சாலிடர் செய்து போடச் சொல்லுங்கள். காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 3 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 1.5 ஓம் என்று காட்டினால், யாரோ பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் ஓட்டத்தைக் குறைக்கும் பாகம்) இருக்கும் வண்டிக்கான காயிலை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் இழுக்கும். காயில் கொதிக்கும், பாயின்ட் தீயும், சூடானதும் வண்டி நிற்கும். உங்கள் வண்டியின் நோய் இதுவாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொன்று, ரோட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயின்ட் வண்டியில் அந்த ஆட்டம் கேப்பையே மாற்றிவிடும். எலக்ட்ரானிக் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனாலும் காந்த வளையம் மாட்யூலில் உரசும் அளவுக்கு ஆடினால் உடைத்துவிடும். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன. அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் எந்தக் கிட்டும் அதைச் சரிசெய்யாது.

இதெல்லாம் ஆன பிறகு ஒரு மாதம் உள்ளூரில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால், அப்போது எலக்ட்ரானிக் பற்றி யோசிக்கலாம். அமெரிக்காவின் பெர்ட்ரானிக்ஸ், பிரிட்டனின் அக்குஸ்பார்க் போன்றவர்கள் அம்பாசடரில் இருப்பது போன்ற லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு மாடல்வாரியாகச் செய்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு அதற்கானதை வாங்குங்கள், "அம்பாசடருக்கு ஒன்று" என்று கேட்டு வாங்காதீர்கள். மாட்டும்போது பிளக் வயர்களையும் கவனியுங்கள். உள்ளே வெறும் செம்புக் கம்பி இருக்கும் பழைய வயர் கிளப்பும் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்; கார்பன் வகை சப்ரஸர் வயர் போட வேண்டும். டைமிங்கை, பொறிக்கு ஏற்ப மினுக்கும் ஸ்ட்ரோப் லைட் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும், காதால் கேட்டு அல்ல.

மாட்டிய பிறகு மூன்று விஷயத்தில் ஜாக்கிரதை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் பாயின்ட் கண்டுகொள்ளாது, மாட்யூல் அந்த நொடியே போய்விடும். ஜம்ப் கேபிள் போடும் அவசரத்திலும் இதே ஆபத்து. பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி வயரையும் மாட்யூல் வயர்களையும் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம், என்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைத்துப் பிள்ளைகள் பாட்டுக் கேட்பது. பழைய வகை மாட்யூல்கள் பல அப்படித்தான் வெந்து போகின்றன. பாட்டுக்குத் தனி வயர் இழுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கழற்றிய பாயின்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். இன்னொரு தகட்டில் பாயின்ட்டும் கண்டென்சரும் மாட்டி, கேப் வைத்து, ஒரு டப்பாவில் துணி சுற்றி வையுங்கள். மாட்யூல் போனால், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாமல், ஷாஃப்டிலுள்ள காந்த வளையத்தைக் கழற்றிவிட்டுத் தகட்டை மாற்றலாம். டைமிங் ஒரு சின்ன அளவு மாறும், வீடு வரைக்கும் போதும். பழைய சாமான் கடையில் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று முழுசாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் அடியிலுள்ள டிரைவ் நாக்கு நடுமையத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி இருப்பதால் ஒரே நிலையில்தான் உட்காரும், தப்பாக மாட்டவே முடியாது. எதுவானாலும், வீட்டு வாசலில் ஒருமுறை நீங்களே மாற்றிப் பழகுங்கள். டார்ச் வெளிச்சத்தில், ரோட்டோரத்தில், குட்டி ஸ்க்ரூவை முதல்முறையாகக் கழற்றினால் அது கட்டாயம் கீழே விழும்.

டிக்கியில் வைக்க வேண்டிய சாமான்களைப் பற்றிப் பெரிய பட்டியல் போட விருப்பமில்லை. பாதிக் கடையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தேவையானது மட்டும் இருக்காது. இக்னிஷனுக்கு: ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வேலை செய்கிறது என்று ஓட்டிப் பார்த்த காயில், இருப்பதிலேயே நீளமான பிளக் வயர் ஒன்று, ஒரு பிளக். மற்றதற்கு: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப்புகள், ஃபியூஸ், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், பத்து லிட்டர் தண்ணீர். அந்த பெட்ரோல் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பருக்கும் பம்ப் டயஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது, ஊறி விரிசல் விடும். எத்தனாலுக்குத் தாங்குகிற ஹோஸாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கரண்ட் பிரச்சினையில் வண்டி நிற்கும், பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டெஸ்ட் லாம்ப். அதன் கிளிப்பை என்ஜினில் மாட்டி, சாவியை ஆன் செய்து, காயிலுக்குச் சாவியிலிருந்து வயர் வரும் முனையில் தொடுங்கள். எரியவில்லையா, காயில்வரை கரண்டே வரவில்லை; சாவி சுவிட்சோ வயரோ போயிருக்கிறது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து அந்த முனைக்கு ஒரு வயரை நேராக இழுத்தால் வண்டி ஓடும். நிறுத்தும்போது சாவி உதவாது, அந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகமிருக்கட்டும். முதல் முனையில் எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுமுனையில் லாம்ப்பை வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பாயின்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவில்லை, அல்லது நான் சொன்ன அந்த எர்த் வயர் விட்டுவிட்டது. எரியவே இல்லை என்றால் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்டென்சர் ஷார்ட், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது.

விட்டு விட்டு எரிந்தும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், காயிலின் நடு வயரை மூடியிலிருந்து பிடுங்கி, அதில் ஸ்பேர் பிளக்கை மாட்டி, பிளக்கின் உடம்பு என்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கையில் பிடிக்கவும் வேண்டாம். நீலமாக 'டக் டக்' என்று பொறி வந்தால் காயில் நல்லது. ரோட்டரையும் மூடியையும் மாற்றுங்கள். மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் கண்டென்சர் அல்லது காயில். எலக்ட்ரானிக் மாட்டிய வண்டியில் இந்தச் சோதனையைப் பிளக் இல்லாமல், வயரை அந்தரத்தில் விட்டுச் செய்யவே கூடாது. போக வழியில்லாத வோல்ட்டேஜ் மாட்யூலையே கொன்றுவிடும்.

மலையில் நின்று, இது பெட்ரோல் ஆவி அடைப்போ என்று சந்தேகம் வந்தால், ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அதில் பிடிக்கவில்லை என்றால், அடுத்த முறை துணியைக் காயிலின் உடம்பில் மட்டும், முனைகளில் படாமல் சுற்றுங்கள். எந்த இடத்தில் துணி போட்டதும் வண்டி மசிகிறதோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் நன்றாக இல்லையென்றால் அதே கணக்கு ரேடியேட்டருக்கும். கிளம்பும் முன் புது மூடி போடுங்கள். சூட்டில் அதைத் திறக்காதீர்கள்.

நாமக்கல்லில் நடந்ததற்கு வருகிறேன். அங்கே உங்களுக்கு வேண்டியிருந்தது ஸ்பானர் இல்லை. வண்டி நின்ற உடனே, உருளுகிற வேகத்திலேயே இடது ஓரத்துக்கு, முடிந்தால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அம்மாவும் பிள்ளைகளும் இடது கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும். வண்டிக்குள் உட்காரவோ, வண்டிக்குப் பின்னால் நிற்கவோ கூடாது. பிரதிபலிக்கும் முக்கோணத்தை ஐம்பது மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால். உங்கள் வண்டியில் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் சுவிட்ச் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இப்போதே போட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு முன் நான் காசு செலவு செய்வது இதற்குத்தான். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்கு அழையுங்கள். ரோந்து வண்டியையோ கிரேனையோ அனுப்புவார்கள். இருட்டிவிட்டால் ரோட்டோரத்தில் ரிப்பேர் பார்க்க வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள். கயிறு கட்டினால் பம்பரில் கட்டாதீர்கள், கையோடு வந்துவிடும். மலையில் சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். பின்னால் இருட்டில் வருகிற பைக்காரருக்கு அது எமன்.

மே மாதத்துக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, காயில் எத்தனை ஓம் காட்டியது, எர்த் வயர் எப்படி இருந்தது, உடம்பில் பொறித்திருக்கும் எண் என்ன என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்தக் கிட் பொருந்தும் என்று அப்போது சொல்கிறேன்.